தொப்பிக்காரர் ஊடு

தம்பிக்கு,

நீ நல்லா இருக்கேன்னு உன் குரல்லயே தெரிஞ்சுது. நான் எப்படி இருக்கேன்னு நீ கேட்டதுக்கு "இருக்கேன்"னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கே ஒண்ணும் தெரியலை. போன்ல பேசினா பாதியிலயே நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு முடிச்சிடுவே. எழுதினா நடுவுல பூந்து பேச முடியாது பாரு, அதான் பேனாவை எடுத்தேன். ஆபீஸ்ல வெச்சு அவசர அவசரமா படிக்காதே. ரூமுக்குப் போய், சாப்பிட்டு, உக்காந்து படி.

ஞாயித்துக்கிழமை நீ ரெண்டு விஷயம் சொன்னே. ஒண்ணு, வானகரம் மண்டபத்துல நடக்கப்போற உன் நிச்சயத்துக்கு நான் அப்பாவோட தொப்பியைப் போட்டுக்கிட்டு வரக்கூடாது. ரெண்டு, தட்டு மாத்தறதை பெரியப்பாவும் பெரியம்மாவும் பார்த்துக்குவாங்க, நான் பின் வரிசையில உக்காந்தா போதும். இதைச் சொல்றதுக்கு நீ எங்கெங்கேயோ சுத்தி வந்தே. மழை பெய்யுதான்னு கேட்டே, கேஸ் வந்துச்சான்னு கேட்டே, பருத்திப்பட்டு ஏரியில தண்ணி இருக்கான்னு கூடக் கேட்டே. ஏரியில தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி உனக்கென்னடா? அப்புறம்தான் வந்துச்சு விஷயம். நீ கட்டிக்கப்போற திவ்யாவோட சித்தி, திருவேற்காட்டுலேர்ந்து பூந்தமல்லி போற ஷேர் ஆட்டோவுல என்னைத் தொப்பியோட பார்த்துட்டாங்களாம். மாப்பிள்ளையோட அம்மாவுக்கு மனசு கினசு சரியில்லையான்னு அங்க பேச்சாம்.

எனக்குக் கோபம் வரலை. வரணும்னுதான் பார்த்தேன். பல் டாக்டர் ஊசி போட்டதும் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி கிள்ளிப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. உங்க அப்பா போனதுலேர்ந்து இப்படித்தான் இருக்கேன். காபி சூடா இருக்குன்னு டம்ளரைத் தொட்டா தெரியுது, குடிச்சா தெரியலை. சீரியல்ல யாரோ அழறாங்க, சத்தம் மட்டும் கேக்குது. சாப்பிட்டேனா இல்லையான்னு பாத்திரம் கழுவியிருக்கான்னு பார்த்துத்தான் முடிவு பண்றேன். நான் அழவே இல்லைன்னு உன் அத்தை ஊரெல்லாம் சொல்றாங்க. உண்மைதானே, சொல்லிட்டுப் போகட்டும்.

அந்தத் தொப்பி நம்ம வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போ ஹாஸ்டல்ல இருந்தே. அப்பா ரிட்டயர் ஆனதும், கூட ரிட்டயர் ஆனவங்க எல்லாம் குடும்பத்தோட வேன் வெச்சு ஊட்டிக்குப் போனோம். குளிர்ல எல்லாரும் கண்ணு மட்டும் தெரியற மாதிரி குரங்குக் குல்லா வாங்கினாங்க. இவர் மட்டும் ஒரு கடையில நின்னு நின்னு பார்த்து, சாம்பல் கலர்ல, கறுப்பு ரிப்பன் சுத்தின ஒரு ஃபெல்ட் தொப்பியை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டார். பழைய காலத்து துரைமாருங்க போட்டோவுல இருக்குமே, சுத்திலும் ஓரம் வெச்சு, மேல ஒரு குழி விழுந்து, அதேதான். மேட்டுப்பாளையம் இறங்கினதும் அத்தனை பேரும் ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழட்டிப் பையில திணிச்சாங்க. இவர் கழட்டலை. கீழ இறங்கியாச்சு, கழட்டுங்கன்னு சொன்னேன். "குளிருக்கா போட்டேன்?"னு கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்ல சர்வீஸ் பூரா கம்பெனி குடுத்த ஹெல்மெட்டைத் தலையில சுமந்தவராம், இதுதான் அவரா ஆசைப்பட்டு வெச்சுக்கிட்டதாம். ஊருக்கு வந்ததும் உன் மாமா பார்த்துட்டு, "ஊட்டிக்காரன் உங்களுக்கு நல்லாக் குல்லா போட்டு அனுப்பிட்டான் மாமா"ன்னு சிரிச்சான். இவரும் கூடவே சிரிச்சார், தொப்பியை மட்டும் எடுக்கலை.

ஆவடி மார்க்கெட்டுக்கு முதல்ல அதைப் போட்டுக்கிட்டுப் போனப்போ நான் கூட நடக்காம நாலு கடை தள்ளி நடந்தேன். ஒருத்தன் எந்தக் கட்சின்னு கேட்டான். ஒருத்தன் ஷூட்டிங்கான்னு கேட்டான். பசங்க துரை, துரைன்னு பின்னாடியே வந்துச்சுங்க. எல்லாருக்கும் தலையை லேசா ஆட்டிட்டு, கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து சொத்தை பொறுக்கிக்கிட்டு இருந்தார் மனுஷன். வீட்டுக்கு வந்து மானம் போகுதுன்னு கத்தினேன். நிதானமா சொன்னார். முதல்ல பார்ப்பாங்க, அப்புறம் சிரிப்பாங்க, அப்புறம் மணி என்னாச்சுன்னு கேப்பாங்களாம். அப்படியேதான் ஆச்சு. கொஞ்ச நாள்ல அந்தத் தலைக்கு அந்தத் தொப்பின்னு ஊரு பழகிடுச்சு. எப்பவாவது தலைக்குக் குளிச்சிட்டு வெறும் தலையோட போனா, உடம்பு சரியில்லையா அண்ணாத்தேன்னு கேட்டாங்க. அப்புறம் நம்ம வீட்டு அட்ரஸே மாறிப்போச்சு. கேஸ்காரன், தண்ணி கேன் போடறவன், பத்திரிகை வெக்க வர்றவங்க, எல்லாருக்கும் இது தொப்பிக்காரர் ஊடு.

அதுக்குன்னு அவர்கிட்ட சில முறை இருந்துச்சு. ஒவ்வொண்ணையும் என்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பார், நானும் ஊம் கொட்டிக்கிட்டே அரிசி களைவேன். மேல இருக்கற குழியைக் கிள்ளித் தூக்கக்கூடாது, அங்கதான் முதல்ல கிழியும். ரெண்டு பக்கமும் ஓரத்தைப் பிடிச்சுத்தான் எடுக்கணும், வெக்கணும். புருவத்துக்கு மேல கொஞ்சம் இடம் விடணும், ஒரு பக்கம் கொஞ்சமா சாயணும், ரொம்ப சாஞ்சா ரவுடி, சாயாட்டி போலீஸ். வேர்வைக்கு உள்ளே கைக்குட்டையை மடிச்சு வெச்சுக்கணும். கட்டில்ல வெக்கக்கூடாது, அதனால நம்ம வீட்டுல அதுக்கு ஃபிரிட்ஜ் மேலதான் இடம். முக்கியமா, போட்டுட்டா மறந்துடணும். கடைக் கண்ணாடியில பார்க்கிறதும், தொட்டுத் தொட்டு சரி பண்றதுமா இருந்தா இரவல் தொப்பின்னு எவனும் கண்டுபிடிச்சிடுவானாம். கோயில் வாசல்ல கண்டிப்பா எடுத்துடுவார். ஆனா செருப்பு விடற இடத்துல வெக்க மனசு வராது. கும்பிட ரெண்டு கை வேணுமே, அதனால திருவேற்காட்டுல நான் வெளியே நின்னு தொப்பியைப் பிடிச்சுக்குவேன், அவர் போய் அம்மனைப் பார்த்துட்டு வருவார். அப்புறம் அவர் தொப்பியோட நிப்பார், நான் உள்ளே போவேன். தொப்பி வந்ததுலேர்ந்து நாங்க சேர்ந்து ஒரு கோயிலுக்குள்ள போனதில்லைன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

நீ பெங்களூருல வேலைக்குச் சேரப் போனப்போ சென்ட்ரலுக்கு வந்தோமே, ஞாபகம் இருக்கா? உன்கூட வேலைக்குச் சேர்ற பசங்க ரெண்டு பேர் பிளாட்பாரத்துல வந்துகிட்டு இருந்தாங்க. நீ குரலைத் தாழ்த்தி, "அப்பா, அதைக் கொஞ்சம் எடுங்களேன், பார்க்கறாங்க"ன்னு சொன்னே. ஊரே சிரிச்சப்போ எடுக்காதவர், ஒரு வார்த்தை பேசாம எடுத்துட்டார். எடுத்து முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு, அந்தப் பசங்ககிட்ட ஊர் பேரெல்லாம் விசாரிச்சார். ரயில் கிளம்பி உன் பெட்டி தாண்டிப் போனதும் திரும்பத் தலையில வெச்சார். வெச்சவர் உடனே கழட்டி, கடைசிப் பெட்டி போறவரைக்கும் அதாலயே டாட்டா காட்டிக்கிட்டு நின்னார். நீ பார்த்திருக்க மாட்டே. உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதலை தம்பி. நடந்தது இதுன்னு உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

அவர் போன அன்னிக்கும் தொப்பி தலையிலதான் இருந்துச்சு. ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஸ்டாண்டுல இருக்கற ஆட்டோக்காரர்கிட்ட பேசிக்கிட்டு நிக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சரிஞ்சிட்டார். அந்த ஆட்டோக்காரரே தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார், போற வழியிலயே முடிஞ்சு போச்சு. நான் போய் நின்னப்போ ஆட்டோக்காரர் வராண்டாவுல ரெண்டு கையாலயும் தொப்பியோட ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். எப்படிப் பிடிக்கணும்னு உங்க அப்பா அவருக்கும் சொல்லிக் குடுத்திருப்பார் போல. என்னைப் பார்த்ததும் அழுதுட்டார். "அண்ணாத்தேய புடிக்க முடில அண்ணி. தொப்பிய மட்டும் கீய உழாம புட்ச்சிகினேன்"னார். நான் வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் மேல வெச்சேன். அதுக்கப்புறம் யார் வந்தாங்க, யார் போனாங்க, எனக்கு எதுவும் சரியா ஞாபகம் இல்லை.

கருமாதி அன்னிக்கு தீட்டுக் கழிக்கணும்னு உன் அத்தை வீடு பூரா அலசிக்கிட்டு இருந்தாங்க. அவர் படுத்த போர்வை, துண்டு, தலையணை உறை, கடைசியா போட்டிருந்த சட்டை, எல்லாம் அண்டாவுல கொதிக்கிற தண்ணியில சோப்புத்தூளோட கிடந்துச்சு. போற போக்குல ஃபிரிட்ஜ் மேல இருந்த தொப்பியையும் எடுத்து அதுக்குள்ள முக்கினாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில துணி செக் பண்ணியே காலம் தள்ளினவ நான். அது ஆட்டு ரோமத்தை அழுத்திப் பண்ணினது, கொதிக்கிற தண்ணியில போட்டா சுருங்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அது மெதுவா தண்ணி குடிச்சு உள்ளே இறங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். சொல்லணும்னு வாய்க்கு வரலை. அத்தையைத் திட்டறதை இனிமேலாவது நிறுத்து. அவங்க அண்ணனுக்குச் செய்ய வேண்டிய முறையைத்தான் அவங்க செஞ்சாங்க.

மாடியில கிளிப் போட்டு அந்த வெயில்ல காயவெச்சாங்க, வரட்டி மாதிரி ஆயிடுச்சு. சாயங்காலம் நீ மொட்டைத் தலையோட வந்து அதை எடுத்துப் போட்டுப் பார்த்தே. முடியே இல்லாத தலையிலயும் அது இறங்கலை, உச்சியிலயே நின்னுடுச்சு. அப்பத்தான் நீ உடைஞ்சு போய் அழுதே. அப்பா செத்ததுக்கு அழுததைவிட அதிகமா அழுதே. நான் உன் முதுகைத் தடவிக் குடுத்தேன், என் கைக்கு உன் முதுகு தெரியவே இல்லை. அன்னிக்கு ராத்திரி தொப்பியை மறுபடியும் அதே இடத்துல வெச்சேன். அதுல அவர் வாசனை இல்லை. சோப்புத்தூள் வாசனைதான்.

நீ பெங்களூரு திரும்பினப்புறம் ஒருநாள் புதுசா ஒரு கேஸ்காரர் வந்தார். பழைய ஆள் வேற ஏரியாவுக்குப் போயிட்டாராம். சிலிண்டரைத் தோள்ல வெச்சுக்கிட்டு, "தொப்பிக்காரர் ஊடு இதானே?"ன்னு கேட்டார். ஆமான்னேன். உருட்டி உள்ளே வெச்சிட்டு, "அவர் இல்லியா?"ன்னார். அந்தக் கேள்விக்கு அதுவரைக்கும் நிறைய பேருக்கு பதில் சொல்லியிருக்கேன். போயிட்டாருங்க, மாரடைப்புங்க, பஸ் ஸ்டாண்டுலங்கன்னு பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாய் தானா சொல்லும். அன்னிக்கு என்னவோ, "நான்தான்"னு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனார். கதவைச் சாத்திட்டு வந்து, ஃபிரிட்ஜ் மேல இருந்ததை ஓரத்தைப் பிடிச்சு எடுத்துத் தலையில வெச்சேன். பொருந்திடுச்சு தம்பி. எனக்கு அளவெடுத்துப் பண்ணின மாதிரி பொருந்திடுச்சு. நெத்தியைச் சுத்தி ஒரு பிடி தெரிஞ்சுது. அத்தனை மாசத்துல என் உடம்புல தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதோடவே பையை எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

புடவைக்குத் தொப்பி எடுக்குமான்னு கேட்டா, எடுக்காதுதான். கொண்டையைக் கொஞ்சம் கீழ இறக்கிப் போட்டா உக்காருது. மீன் வெட்டற அக்கா தலை நிமிர்ந்து, "இன்னாக்கா, அண்ணன் தொப்பியா?"ன்னா. ஆமான்னேன். "நல்லாதான் கீது"ன்னுட்டு வஞ்சிரத்தைத் திரும்ப வெட்ட ஆரம்பிச்சுட்டா. சிரிச்சவங்க சிரிச்சாங்க. எனக்குத்தான் எதுவும் உறைக்காதே, நான் பாட்டுக்கு நடந்தேன். போட்டுட்டா மறந்துடணும்னு அவர் சொன்னதுக்கு அவர் எவ்வளவு பழக வேண்டியிருந்துச்சோ, எனக்குத் தேவையே படலை. இப்ப என்கிட்டயும் மணி கேக்கறாங்க. பத்தாம் நாள் பொம்பளைங்க கூடி உக்காந்து பூவை எடுத்தாங்க, பொட்டை எடுத்தாங்க, வளையலை எடுத்தாங்க. தலையில எது வெக்கக்கூடாதுன்னு அவ்வளவு சொன்னவங்க, தொப்பியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.

திருவேற்காட்டுக்கும் அதோடதான் போறேன். கோயில் வாசல்ல எடுத்துடறேன், பிடிச்சுக்கத்தான் ஆள் இல்லை. முதல் தடவை கையில வெச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிச்சேன். அங்க எப்பவும் என்கிட்ட முழம் போட்டுக் குடுக்கற பூக்காரம்மா, "குடு, நான் வெச்சிருக்கேன்"னு வாங்கிக்கிட்டா. நான் இனிமே அவகிட்ட பூ வாங்கப்போறது இல்லைன்னு அவளுக்குத் தெரியும். இருந்தும் நான் வர்ற வரைக்கும் கூடையில வெக்காம மடியிலயே வெச்சிருந்தா. அங்கேர்ந்து திரும்பும்போதுதான் ஷேர் ஆட்டோவுல திவ்யாவோட சித்தி எதிர்ல உக்காந்தது. யாருன்னு எனக்குத் தெரியாது. வெயிலுக்கான்னு கேட்டாங்க. இல்லீங்க, வீட்டுக்காரரோடதுன்னேன். அவங்க பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு வெளியே பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. நடந்தது இவ்வளவுதான். மனசு சரியில்லாதவ பேசற பேச்சா இது?

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். வருஷம் திரும்பறதுக்குள்ள ஒரு நல்ல காரியம் நடக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க, சரின்னேன். திவ்யா நல்ல பொண்ணு, அவளுக்கு நீயும் நல்லவனா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நாளைக்கு அவ எதையாவது ஆசையா உடுத்தினா, பூசினா, தலையில வெச்சா, "எடுத்துடு, பார்க்கறாங்க"ன்னு சொல்லிடாதே. அவ சண்டை போட்டா கவலை இல்லை. உங்க அப்பா மாதிரி பேசாம எடுத்துட்டான்னு வை, அவ எதை எடுத்தான்னு உனக்குத் தெரியவே தெரியாது. நான் அந்த ரகம் இல்லைடா தம்பி. எடுக்கச் சொன்னா ஏன்னு கேப்பேன். நீ சொல்ற "பார்க்கறாங்க" எனக்குப் போதாது.

தட்டு மாத்த சுமங்கலிதான் வேணும்னு யார் சொன்னாங்கன்னு உன்கிட்ட நான் கேக்கலை. கேட்டா நீ பெரியம்மாவைச் சொல்லுவே, பெரியம்மா ஐயரைச் சொல்லுவாங்க, அது போய்க்கிட்டே இருக்கும். பெரியம்மாகிட்ட நேத்து நானே சொல்லிட்டேன், தட்டை நான் மாத்திக்கறேன், நீங்க பக்கத்துல நில்லுங்க போதும்னு. உன் இஷ்டம்னு சொன்னாங்க, மூஞ்சி மட்டும் ஒரு முழத்துக்கு நீண்டுச்சு. திவ்யாவோட அம்மாவுக்கும் போன் பண்ணினேன். தொப்பியையும் சொன்னேன், தட்டையும் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம் "வாங்க"ன்னாங்க. அது என்ன மாதிரி "வாங்க"ன்னு எனக்குப் புரியலை. அங்க வந்து பார்த்தாத்தான் தெரியும். இதனால உன் கல்யாணத்துக்கு ஏதாவது ஆயிடுமோன்னு உனக்குப் பயமா இருக்கும். எனக்கும் பயம் இருக்கணும், எங்க இருக்குன்னுதான் தெரியலை. ஆனா பின் வரிசையில போய் உக்காந்துட்டேன்னா, அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேன்னு மட்டும் தெரியுது.

அதனால நான் மண்டப வாசல் வரைக்கும் தொப்பியோடதான் வருவேன். உள்ளே வந்ததும் எடுத்துடுவேன், அதான் உங்க அப்பா முறை. பேச்சு, பத்திரிகை படிக்கிறது எல்லாம் முடியற வரைக்கும் கையிலயே வெச்சிருப்பேன். தட்டு மாத்தத்தான் ரெண்டு கை வேணும். வெத்தலை, பாக்கு, பழம், புடவைன்னு தட்டு கனமா இருக்கும். அப்போ நான் உன் பக்கம் திரும்புவேன். எல்லாரும் பார்ப்பாங்க. திவ்யாவோட சித்தியும் பார்ப்பாங்க. நீ எழுந்து வந்து என் கையிலேர்ந்து அதை வாங்கிக்கோ. குழியைக் கிள்ளாதே, ரெண்டு கையாலயும் ஓரத்தைப் பிடி. நான் தட்டை மாத்திட்டு வர்ற வரைக்கும், கீழ விழாம பிடிச்சுக்கோ.

அம்மா